கிறிஸ்தவக் கல்லூரியில் விஸ்காம்: கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன், சுருக்கமாக விஸ்காம்) படிப்பைப் பற்றியும், குறிப்பாகத் திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளில் அதைப் படிப்பதைப் பற்றியும் உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்தார்கள். கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினரின் கல்லூரி ஒன்றில் 1999 முதல் 2002 வரை இதே படிப்பைப் படித்தவரும், சில ஆண்டுகள் தொலைக்காட்சியில் படத்தொகுப்பாளராக இருந்தபின் வேறொரு கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தவருமான நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கேள்வி: நாங்கள் விருதுநகர் பக்கத்துச் சைவக் குடும்பம். என் மகன் கிறிஸ்தவக் கல்லூரியில் விஸ்காமுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அங்கே ஜெபத்துக்குக் கட்டாயப்படுத்துவார்களா என்று என் மாமியார் நாள்தோறும் கேட்கிறார். உண்மை நிலை என்ன ஐயா?

பதில்: அம்மா, இதே கேள்வியை என் பாட்டி 1999இல் கேட்டார், நானும் உங்களைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவன்தான். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய ஒப்புதல் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)ஆவது பிரிவு கூறுகிறது. மாணவர் பதினெட்டு வயது நிறையாதவராக இருந்தால் அந்த ஒப்புதலைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் தர வேண்டும். நடைமுறையில், காலையில் ஒலிபெருக்கியில் ஒரு சிறு ஜெபம் கேட்கும், விழாக்கள் ஜெபத்தோடு தொடங்கும், கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவார்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்கும் மற்றவர்கள் அறநெறி வகுப்புக்கும் பிரிந்து செல்வது பல கல்லூரிகளில் உள்ள வழக்கம். என் அறநெறி வகுப்பில் திருக்குறளும் மது ஒழிப்பும் இருந்தன என்று நினைவு. அது மதிய உணவுக்குப் பிந்தைய நேரம் என்பதால் தூக்கமும் இருந்தது. மூன்று ஆண்டுகளிலும் என்னை யாரும் மதம் மாறச் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டுக் குடிலுக்கு வண்ணம் தீட்டியதே நானும் ஓர் இசுலாமிய நண்பனும்தான். ஓவியம் வரையத் தெரிந்தவர்கள் என்பதால் எங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கேள்வி: விஸ்காம் என்றால் சினிமாப் படிப்பு என்கிறார்கள். அது சரியா? மூன்று ஆண்டுகளும் என்ன சொல்லித்தருவார்கள்?

பதில்: சரியில்லை; ஆனால் அந்த எண்ணத்தில்தான் பாதிப்பேர் சேர்கிறார்கள், நானும் அப்படித்தான் சேர்ந்தேன். முதல் ஆண்டில் கேமராவைக் காட்டிலும் பென்சில்தான் கையில் அதிகம் இருக்கும். கோட்டோவியம், வண்ணக் கோட்பாடு, எழுத்துருக்கள், பக்க வடிவமைப்பு, தொடர்பியல் கோட்பாடுகள் ஆகியவற்றோடு, மற்ற இளங்கலை மாணவர்களைப் போலவே பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் புகைப்படம், விளம்பரம், வானொலி, திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று வேலை கூடும். மூன்றாம் ஆண்டில் ஊடகச் சட்டம், ஆய்வுக் கட்டுரை, ஏதேனும் ஒரு நிறுவனத்தில் களப்பயிற்சி, குறும்படமோ ஆவணப்படமோ ஒன்று என முடியும். பாட வரிசை கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால், சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு வருபவர்கள் நூற்றில் ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவக் கணக்கு.

எங்கள் காலத்தில் ஒரு பிலிம் சுருளுக்கு 36 படங்கள்தான். அதைக் கழுவி அச்சிடும் செலவு நம் பையிலிருந்து போகும் என்பதால், பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறைக்கு மூன்றுமுறை யோசிப்போம். இன்றைய மாணவர்கள் ஒரு மாலையில் எண்ணூறு படங்களை எடுத்துவந்து எது நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். எண்ணூறிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுக்கக் கற்பதுதான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி.

கேள்வி: பாதிரியார்களுக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு? சர்ச் நடத்தும் கல்லூரிகள் இந்தப் படிப்பில் ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டின?

பதில்: கேட்டதற்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் ஊடகத் தொழில்நுட்பத்தின் வரலாற்றையும் சமயப் பரப்பலின் வரலாற்றையும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை உருவாக்கிய அன்றீக்கே அன்றீக்கஸ் ஓர் இயேசு சபைத் துறவி, அது கிறிஸ்தவ சமயப் போதனையைச் சொல்லும், பதினாறே பக்கமுள்ள ஞானோபதேச நூல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தலைமையில் லுத்தரன் மிஷனரிகள் அச்சகம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். அன்றைக்கு அச்சு எழுத்து எப்படியோ, அப்படித்தான் பிற்காலத்தில் அவர்களுக்கு வானொலியும் திரையும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்கு எழுத்து வடிவமான ஒரு தூண்டுதலும் உண்டு. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ‘இன்டர் மிரிஃபிகா’ என்னும் ஆணையை வெளியிட்டது. அதன் பயனாக 1967 முதல் ஆண்டுதோறும் உலகத் தொடர்பு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. கத்தோலிக்க வானொலியான வேரித்தாஸ் 1969இல் பிலிப்பைன்சிலிருந்து தொடங்கியது; அதன் தமிழ்ப்பணியை, தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் சிற்றலைப் பெட்டியைத் திருகித் திருகிக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. வெளிநாட்டில் தொடர்பியல் படித்துத் திரும்பிய குருக்கள் பலர் இந்தத் துறைகளுக்கு வித்திட்டார்கள். அவர்கள் நோக்கம் பிரசங்கம் செய்வோரைத் தயாரிப்பது மட்டுமாக இருந்திருந்தால் விவிலியக் கல்லூரிகளே போதும். விளம்பரத்தையும் செய்தியையும் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. அந்த எண்ணம் எல்லாக் கல்லூரிகளிலும் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கேள்வி: கிறிஸ்தவக் கல்லூரியில் மதத்தையோ ஜாதியையோ விமர்சித்துக் குறும்படம் எடுக்க விடுவார்களா? நான் இரண்டாம் ஆண்டு மாணவன். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை.

பதில்: தம்பி, சொல்ல வேண்டாம். இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

இந்து சமூகத்தின் ஜாதிக் கொடுமையைப் படமெடுத்தால் கைதட்டுவார்கள். மலக்குழி மரணம், ஆணவக் கொலை, இரட்டைக் குவளை ஆகியவற்றைக் குறித்து எங்கள் மாணவர்கள் எடுத்த படங்களுக்கு நிர்வாகமே விழா நடத்தியிருக்கிறது. குப்பத்துக்கோ கிராமத்துக்கோ மாணவர்களை அனுப்பிப் பணியாற்றச் செய்யும் வழக்கம் இந்தக் கல்லூரிகளில் பொதுவாக இருப்பதால், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட கதை கண்ணில் படுகிறது. இந்தப் படிப்பை இங்கே படிப்பதன் பெரிய இலாபமாக நான் கருதுவது அதையே. கேமராவை யாரை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதை, பிற இடங்களைவிட இங்கே அதிகம் பேசுகிறார்கள்.

ஆனால் அதே கேமராவைத் திருச்சபையின் பக்கம் திருப்பினால் குரல்கள் தணிந்துவிடும். ஒருமுறை என் மாணவர்கள் இருவர், ஓர் ஊரில் கல்லறைத் தோட்டமே ஜாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதை ஆவணப்படமாக எடுத்தார்கள். இருபது நிமிடப் படம், குரல் விவரிப்பு கிடையாது, நடுவில் ஒரு சுவரும் இரு பக்கமும் சிலுவைகளும் மட்டும். துறைக்குள் திரையிட ஒருவரும் தடை சொல்லவில்லை. பொது அரங்கில் திரையிட அனுமதி கேட்டபோது ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற பதில் மூன்று முறை வந்தது. மூன்றாம் முறைக்குள் அவர்கள் படிப்பே முடிந்துவிட்டது. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாதபடி தடுப்பது நிறுவனங்களுக்கு நன்றாகக் கைவந்த கலை. அதே கல்லூரியில் இருந்த ஒரு வயதான குருவானவர்தான் அந்த மாணவர்களைத் தனியே அழைத்து, அவர்கள் பேட்டி எடுத்திருந்த முதியவரிடம் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். படம் அதனால் மேம்பட்டது.

உனக்கு என் யோசனை: திரைக்கதையை எழுத்தில் கொடுத்து, வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்தை முதலிலேயே வாங்கிக்கொள். பேட்டி தருபவர்களின் ஒப்புதலையும் எழுத்தில் பெறு. பிரச்சினை வந்தால் முதலில் மாட்டிக்கொள்பவர்கள் ஊரில் இருக்கும் அவர்கள்தான், நீ அல்ல. படத்தின் மூலக்கோப்புகளின் நகலைக் கல்லூரிக் கணினியில் மட்டும் வைத்திராதே.

கேள்வி: கிறிஸ்தவர்களுக்குத்தான் முதலிடம் என்பது உண்மையா? பங்குத்தந்தையின் (உள்ளூர் ஆலயப் பாதிரியாரின்) கடிதம் இருந்தால் போதுமா?

பதில்: சிறுபான்மை நிறுவனங்கள் தம் சமூகத்தினருக்கு இடங்களில் ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்ளலாம், 1991இல் புனித ஸ்டீபன் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதி ஐம்பது விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கூறியது, ஆனால் 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் எல்லோருக்கும் ஒரே விழுக்காட்டை வரம்பாக வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தப் பிரிவில் விண்ணப்பிப்பவர்களிடம் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கப்படுவது உண்டு. கடிதம் மட்டுமே இடம் வாங்கித் தராது. விஸ்காமுக்குப் பல இடங்களில் நுழைவுத் தேர்வோ நேர்காணலோ இருக்கிறது.

கேள்வி: கட்டணம் எவ்வளவு வரும்? கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: இந்தப் படிப்பு பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடப்பதால், அதே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவில் வரலாறு படிப்பவரைவிட நீங்கள் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். தொகையைக் கல்லூரியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; ஆய்வுக்கூடக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் ஆண்டில் கேமரா வாங்க வேண்டாம். கடன் வாங்கி வாங்கவே வேண்டாம்.

கேள்வி: நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலம் தெரியாமல் இதைப் படிக்க முடியுமா?

பதில்: முதல் இரண்டு பருவங்கள் கடினமாக இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன், கோட்பாட்டு நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, சக மாணவர்கள் பேசும் ஆங்கிலம் அதைவிட அதிகமாக மிரட்டும். ஆனால் வேலை என்று வரும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிக்கும் விளம்பர நிறுவனத்துக்கும், பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை. என் தொகுப்பு அறையில் ‘கண்டணம்’ என்று போட்டு ஒளிபரப்பான எழுத்துப் பட்டையை இன்றும் மறக்க முடியவில்லை. உங்களிடம் இருக்கும் தமிழை விட்டுவிடாமல், நாளிதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கமாவது படித்து வாருங்கள். தேர்வுகளைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதையும் துறையில் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் ஒரு துறவற சபையின் அருட்சகோதரி. என்னைத் தொடர்பியல் படிக்க அனுப்புகிறார்கள். சீருடை அணிந்து கேமராவுடன் போனால் மக்கள் இயல்பாகப் பேசுவார்களா?

பதில்: சிஸ்டர், முதல் பத்து நிமிடங்கள் பேசமாட்டார்கள், ஆசீர்வாதம் கேட்பார்கள். அதன்பின் மற்றவர்களிடம் சொல்லாததையும் உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னதில் எதைப் படத்தில் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதில்தான் உங்களுக்கு மற்ற மாணவர்களைவிடக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஒளிப்பதிவு தொடங்கிவிட்டது என்பதை அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு நேர்காணல். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பதில்: சான்றிதழ்களின் அசலும் நகலும், நீங்கள் எடுத்த படங்களில் பத்தும். படங்களை மொபைலில் காட்டாமல் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். பத்தில் ஒன்றாவது உங்கள் வீட்டையோ தெருவையோ எடுத்ததாக இருக்கட்டும். பறவையும் சூரிய அஸ்தமனமும் எல்லோரும் கொண்டுவருவார்கள்.