உப்பளத்தில் வேலை பார்க்காதவர் உப்பளத்தை எப்படி எழுதினார்?

கேள்வி: பெண் எழுத்தாளர்கள் தங்களுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறார்களா? சொந்த அனுபவத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு தொடர்பு?

என் ஆச்சி தூத்துக்குடி உப்பளத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் உப்பு வாரியவர். எழுதப் படிக்கத் தெரியாது. கல்லூரி விடுமுறை ஒன்றில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், பொன்னாச்சி அளத்து வேலைக்குப் போகிற இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டார். இந்த அம்மா எந்த அளத்தில் வேலை பார்த்தார் என்று கேட்டார். எந்த அளத்திலும் இல்லை ஆச்சி, திருச்சிப் பக்கம் முசிறியில் பிறந்தவர், இன்ஜினியர் வீட்டு அம்மா என்றேன். அவர் நம்பவில்லை. காலை நீட்டி உள்ளங்காலைக் காட்டினார். கரிப்பு நீர் இறங்கி இறங்கி, அளத்தை விட்டு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் மூடாத வெடிப்புகள். இது இல்லாத மனுஷிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றார்.

உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்தக் கால்தான் நினைவுக்கு வந்தது.

ராஜம் கிருஷ்ணன் 1925இல் பிறந்தவர். 15 வயதில் திருமணம். பெரிய படிப்பு எதுவும் கிடையாது. வீட்டு வேலைகளுக்கு நடுவே தானாகப் படித்து, தானாக எழுதப் பழகினார். 1953இல் கலைமகள் பரிசு பெற்ற 'பெண் குரல்' அந்த வீட்டுக்குள்ளிருந்து வந்த நாவல். அதோடு நின்றிருந்தால், ஆம், தன் அனுபவத்தை எழுதியவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அவர் நிற்கவில்லை. கணவரின் மின்வாரிய வேலை நீலகிரிக்கு அழைத்துப் போனது. மாற்றலாகிப் போகும் எத்தனையோ குடும்பங்கள் குளிரைக் குறை சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளிவிடும். இவர் அந்த மலையில் வாழும் படகர் சமூகத்தின் ஊர்களுக்குப் போய் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டறிந்தார். தானியம் விளைந்த சரிவுகளில் தேயிலை ஏற, ஒரு சமூகமே தலைமுறைக்குத் தலைமுறை மாறியதைக் 'குறிஞ்சித்தேன்' நாவலில் எழுதினார்.

அதற்குப் பிறகு யார் மாற்றலுக்கும் அவர் காத்திருக்கவில்லை. கொள்ளையர்களைப் பற்றி எழுதச் சம்பல் பள்ளத்தாக்கு வரை போனார். தஞ்சை வயல்களில் கூலி விவசாயிகளோடு பேசிவிட்டுச் 'சேற்றில் மனிதர்கள்' எழுதினார். சிவகாசியில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் 'கூட்டுக் குஞ்சுகள்'. எங்கள் ஊர் அளங்களுக்கும் அப்படித்தான் வந்தார். எல்லாருக்கும் அனுபவம் தேடிவரும். இவர் அனுபவத்தைத் தேடிப் போனார்.

ஆனாலும், இவ்வளவு பேருடைய வாழ்க்கைக்குள் அவரால் எப்படி நுழைய முடிந்தது என்று யோசித்தால், நான் அந்த 15 வயதுப் பெண்ணிடம்தான் திரும்பிப் போகிறேன். உன் விருப்பம் என்ன என்று யாரும் கேட்காத வயதில் வாழ்க்கை முடிவு செய்யப்பட்டவர் அவர். வேலை செய்கிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் போன இடமெல்லாம் உட்கார்ந்து கேட்டார் என்று நினைக்கிறேன். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை எழுதியதும் இதே பசியால்தான். கிராப்பும் வேட்டியும் சட்டையுமாகச் சேரிகளுக்குள் நடந்து, விவசாயக் கூலிகளைத் திரட்டிய பிராமண விதவை மணியம்மை. அவர் 1953இல் இறந்துபோனார். பல வருடங்கள் கழித்து, அவரை அறிந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய் விசாரித்து எழுதப்பட்டதுதான் 'பாதையில் பதிந்த அடிகள்'. அந்தப் புத்தகம் இல்லையென்றால் மணியம்மையை நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

கடைசிக் காலத்தைப் பற்றி எழுதவே கை வரவில்லை. பிள்ளைகள் இல்லை. 2002இல் கணவர் போனார். முதுமையில் ஆதரவற்றோர் இல்லத்தில் இருக்க நேர்ந்தது. வாழும்போதே 2009இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கி உதவித்தொகை கொடுத்தது. 2014 அக்டோபரில் மறைந்தார்.

நாட்டுடைமையானதால் அவருடைய பல நாவல்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். 'கரிப்பு மணிக'ளில் தொடங்குங்கள். ஆச்சிக்கு நான் அதை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை முடிந்தபோது, அந்த அம்மா நம் வளவுக்கு வந்திருந்தால் ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கலாமே என்றார்.