கொழுந்தனார் கடைக்குக் கடனில் போகும் கோழி

கேள்வி: தாராபுரம் பக்கத்துக் கிராமம். ஒரு பேட்சுக்கு 200 கிராஸ் (கலப்பின) நாட்டுக்கோழிக் குஞ்சு விடுகிறேன். நகைக்கடன் 1,20,000 ரூபாய், மாதம் ஒன்றரை வட்டி, அதில்தான் தீவனம். கோழியை என் கொழுந்தனார் அவர் கறிக்கடைக்குக் கிலோ 170-க்கு எடுத்துக்கொள்கிறார், பணம் அப்புறம். பாக்கி 62,000 நிற்கிறது. ஒரு கம்பெனி கடக்நாத் என்கிற கருங்கோழிக் குஞ்சு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. 500 குஞ்சாகக் கூட்டினால் கடன் அடையுமா?

பதில்: அடையாது சகோதரி, கூடும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா, எட்டாம் வாரம் ஆர்2பி என்று தடுப்பு மருந்தெல்லாம் சரியாகப் போட்டு 200-க்குப் பத்துதான் சாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வளர்ப்பில் குறை இல்லை. காசு எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்போம்.

நீங்கள் கொடுத்த விலையிலேயே போடுகிறேன். குஞ்சு 40 ரூபாய் வீதம் 8,000. கோழிக்கு நாலு கிலோ தீவனம், 190 கோழிக்கு 760 கிலோ, கிலோ 36 என்றால் 27,500 பக்கம். மருந்து, கரண்ட், தரையில் பரப்புகிற தேங்காய்நார் 2,500. ஆக 38,000. ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் 247 கிலோ, 170-க்கு 42,000. கையில் நிற்பது 4,000. மூன்று மாத நகை வட்டி 5,400! பாடுபட்டதற்குக் கூலியும் இல்லை, 1,400 கைநட்டம் வேறு. அந்த 4,000-மும் இன்னும் வரவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

வெளி வியாபாரி வாசலில் எடை போட்டு 190 ரொக்கமாகத் தருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடனுக்கு எடுக்கிறவர் விலையைக் கூட்டித்தானே தர வேண்டும்? இங்கே 20 குறைத்து எடுக்கிறார். அதுவும் வாரம் பத்துப் பன்னிரண்டாக. 90 நாள் தாண்டி நிற்கிற ஒவ்வொரு கோழியும் தினம் மூன்று ரூபாய்த் தீவனம் தின்னும், அந்த வயதில் கூடுகிற எடை அந்தக் காசு முழுவதற்கும் ஈடாகாது. 100 கோழி இருபது நாள் நின்றால் 6,000 ரூபாய்த் தீவனம், அதில் ஒரு பங்கு நட்டம், யார் கணக்கிலும் வராத நட்டம். கொழுந்தனார் கடையின் முதலீடு உங்கள் தாலிக்கொடி, அவ்வளவுதான்.

மாமியார் வருத்தப்படுவார் என்பது புரிகிறது. உறவை முறிக்கச் சொல்லவில்லை. இனி வீட்டில் தராசு வைத்து, வியாபாரி விலைக்கு, ரொக்கத்துக்கு மட்டும் கோழி. இதை உங்கள் கணவர் சொல்லட்டும், அது அவருடைய தம்பி. நாட்டுக்கோழிக் கறி ஞாயிற்றுக்கிழமை ரொக்கத்துக்கு விற்கிற சரக்கு, திங்கள் காலை அவரிடம் பணம் இருக்கும். பழைய பாக்கிக்கு வாரம் 1,000, நோட்டில் எழுதி, கையெழுத்தோடு.

கடக்நாத் பக்கமே போகாதீர்கள். திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சை நம்பி ஈமு வளர்த்தவர்கள் 2012-ல் பெருந்துறையில் பட்ட பாடு உங்கள் ஊரிலும் பலருக்கு நினைவிருக்கும். குஞ்சுக்கு முன்பணம் கேட்கிற எவரும் குஞ்சு விற்கத்தான் வருகிறார். தேசிய கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியம் என்று யாராவது ஆசை காட்டினால், அது 1,000 தாய்க்கோழியோடு குஞ்சு பொரிக்கிற பண்ணைக்கு, உங்களுக்கு இல்லை.

உங்களுக்கு ஆகிவருவது கிசான் கிரெடிட் கார்டு, விவசாயிகளுக்கு வங்கி தருகிற குறைந்த வட்டிக் கடன். 2018-19 முதல் கோழி வளர்ப்புக்கும் உண்டு. வட்டி வருடத்துக்கு 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 வரை இறங்கும். 40,000 ரூபாய்க்கு மூன்று மாதத்தில் இப்போது 1,800 வட்டி போகிறது, அங்கே 700 கூடத் தாண்டாது. கால்நடை மருத்துவரிடம் கோழி வளர்க்கிறதற்குச் சான்று வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அது கைக்கு வரும்வரை 200 வேண்டாம், 100 குஞ்சு போதும், வாசலுக்கு வருகிற வியாபாரியின் ரொக்கத்திலேயே அடுத்த 100-க்குத் தீவனம் வாங்கலாம். நகையை இனி மறுபடி அடகு வைக்காதீர்கள், மீட்கிற பவுன் வீட்டிலேயே இருக்கட்டும்.