டினையல், ப்ரொஜெக்‌ஷன் எல்லாம் மனநோயா? டிப்ரஷன், பதகளிப்பு (அங்சயட்டி) இதுகளுக்கும் அதுகளுக்கும் என்ன வித்தியாசம்?

இல்ல, அதுகள் வருத்தம், அதாவது நோய், இல்ல. மனசு தன்னைக் காப்பாத்த எடுக்கிற வழிகள், டிஃபென்ஸ் மெக்கானிசம் எண்டு சொல்லுவினம். நீங்க கேட்டிருக்கிற ரெண்டும் வேற வேற, ஆனா ஒண்டுக்குப் பின்னால மற்றது ஒளிஞ்சிருக்கும். நான் டொக்டர் இல்ல, கொழும்பு வெள்ளவத்தையில குடும்பத்தோட இருக்கிறன், எங்கட வீட்டுக்குள்ளயே இதை ரெண்டு வருஷம் பார்த்தனான், அதால எழுதுறன்.

என்ட அவர் புறக்கோட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு பார்க்கிறவர். ஒரு நாள் ராத்திரி திடீரெண்டு நெஞ்சு படபடக்குது, மூச்சு எடுக்க ஏலாம இருக்கு, கை விறைக்குது, நான் சாகப் போறன் எண்டு என்ட கையப் பிடிச்சார். த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினம், ஈசிஜி நோர்மல், ரத்தம் நோர்மல், காஸா இருக்கும் எண்டு குளிசை தந்து அனுப்பிட்டினம். அப்பிடி மூண்டு தரம். பிறகு 100ஆம் நம்பர் பஸ்ல ஏறவே பயந்தார், பஸ்ல வைச்சு வந்தா என்ன செய்யிறது எண்டு.

அந்த நேரத்தில அவர் சொன்னதுகளை இப்ப யோசிச்சா நீங்க கேட்டதெல்லாம் அதுக்குள்ள இருக்கு. 'எனக்கு ஒண்டுமில்ல' எண்டது டினையல், மறுக்கிறது. 'நேற்று கொத்து சாப்பிட்டன், அதான்' எண்டது ரேஷனலைசேஷன், எட்டாத பழம் புளிக்கும் எண்டு நரி சொன்ன மாதிரி மனசு தனக்கு வசதியா ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும். 'நீதான் பயப்படுறாய், உன்னாலதான் வீடே இப்பிடி' எண்டு என்னைச் சொன்னது ப்ரொஜெக்‌ஷன், தன்ட பயத்தை என்னில பார்த்தார். முதலாளிட்ட ஏச்சு வாங்கின அண்டைக்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்தை வாசல்ல விட்டதுக்காக மகனைக் கத்தினது டிஸ்ப்ளேஸ்மென்ட். முதலாளிட்ட காட்ட ஏலாத கோவம் எட்டு வயசுப் பிள்ளையில போய் இறங்கிச்சு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு வலிக்குது.

நான் விட்ட பிழை, அவர் நடிக்கிறார், பொய் சொல்றார் எண்டு நினைச்சு சண்டை பிடிச்சது. பொய் எண்டா தெரிஞ்சு சொல்றது. இது தெரியாமலே நடக்கும். சிக்மண்ட் ஃப்ராய்ட் தொடங்கின இந்தக் கருத்தை அவரின்ட மகள் அன்னா ஃப்ராய்ட் 1936ல ஒழுங்கா எழுதி வைச்சா. தாங்க ஏலாத பயம், வெக்கம், துக்கம் வரேக்க மனசு தன்னைக் காப்பாத்த எடுக்கிற வழிதான் இதெல்லாம். எல்லாரும் செய்யிறம், நானும் நீங்களும். சிலது நல்லதும் கூட. எங்கட ஃப்ளாட்ல ஒரு அன்ரி, யுத்தத்தில மகனை இழந்தவ, ஒவ்வொரு வெள்ளியும் கோயில் அன்னதானத்துக்கு விடியக் காலமை எழும்பி மரக்கறி வெட்டப் போவா. தாங்க ஏலாததை அப்பிடி ஒரு நல்ல வேலையா மாத்துறதை சப்ளிமேஷன் எண்டு சொல்லுவினம்.

வருத்தம் எண்டது வேற. அதுக்கு அறிகுறி இருக்கு, எவ்வளவு நாள் நிக்குது எண்ட கணக்கு இருக்கு, வேலை, நித்திரை, சாப்பாடு எல்லாத்தையும் அது குழப்பும். டிப்ரஷன் எண்டா ஒரு நாள் கவலை இல்ல, ஆகக் குறைஞ்சது ரெண்டு கிழமை, கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், மனசு விழுந்து கிடக்கும் இல்லாட்டி எதிலயும் பிடிப்பே இருக்காது. எங்கட ஆக்கள் கனபேருக்கு அது உடம்பு நோவு, தலையிடி, களைப்பு எண்டுதான் முதல்ல வெளியில வரும். காலமை சிரிச்சுப் பின்னேரம் கோவிக்கிறதை பைபோலர் எண்டு சொல்லாதேங்கோ, அதில வாற மேனியா, அதாவது மிதமிஞ்சின உற்சாகம், ஒரு கிழமையாவது நிக்கும், நித்திரை கொஞ்சமே போதுமெண்டிருக்கும். வீட்டை வடிவா அடுக்கி வைக்கிறது ஓசிடி இல்ல, ஓசிடியில வேண்டாம் எண்டாலும் அதே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அந்த ஆளை வதைக்கும். ஸ்கிட்ஸோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவு, ஒராளுக்குள்ள ரெண்டு ஆள் இருக்கிறது இல்ல. இல்லாத குரல் கேக்கும், நடக்காததை நடக்குது எண்டு உறுதியா நம்புவினம். இந்தப் பேருகளை ஏச்சுப் பேச்சா பாவிக்கிறதைக் கேட்டா எனக்கு சரியான கோவம் வரும்.

இவருக்கு இருந்தது பேனிக் டிஸோடர், பதகளிப்பு வகையில ஒண்டு. அதை விளங்கப்படுத்தினது எங்கட குடும்ப டொக்டர். ஆபத்து இல்லாத இடத்தில உடம்பின்ட அலாரம் அடிக்குது, அட்ரினலின் கூடுது, அதால இதயம் ஓடுது, சில நிமிஷத்தில உச்சத்துக்குப் போய் தானா இறங்கும், இதயத்தை முதல்ல செக் பண்ணினது சரிதான், இனி அதுக்கே திரும்பத் திரும்ப ஓடத் தேவையில்ல எண்டார். நான் சண்டை பிடிச்சு உடைக்க ஏலாத டினையல் அண்டைக்குத்தான் கொஞ்சம் இளகிச்சு. மனநல டொக்டரை சனல் பண்ணுவம், நேரம் எடுத்துக் காட்டுவம் எண்டு சொன்னவுடன மாமி 'அங்கொடைக்கா அனுப்பப் போறாய்?' எண்டு அழுதா. அங்கொடை எண்டா கொழும்புக்குப் பக்கத்தில மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அந்தப் பேரை வசவாக்கி வைச்சதால எத்தனை பேர் மருந்தில்லாம இருக்கினமோ. இவர் அழுதுகொண்டிருந்த அவவுக்குப் பக்கத்தில இருந்து, 'அம்மா, எனக்குப் பயமா இருக்கு, நான் போகத்தான் வேணும்' எண்டார். பயம் எண்ட சொல்லை அவர் வாயால நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

குளிசை வேலை செய்ய சில கிழமை எடுத்துது, கவுன்சிலிங்கும் போனார். இப்ப பஸ்ல போறார். உங்களுக்கோ வீட்டில ஆருக்குமோ தேவையெண்டா கொழும்பு பெரியாஸ்பத்திரியில மனநல க்ளினிக் இருக்கு, காசு இல்ல. 1926 எண்டது தேசிய மனநல நிறுவனத்தின்ட ஃபோன் நம்பர், எந்த நேரமும் எடுக்கலாம். 1333 க்கு எடுத்தா தமிழ்லயே கதைக்கலாம், அதுவும் இலவசம்.