ஒட்டு நகத்தோடு வார்டுக்கு வரலாமா?

கேள்வி: செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி நான். அக்கா திருமணத்துக்காக மருதாணி வைத்து, ஒட்டு நகமும் பொருத்திக்கொண்டேன். வார்டு சிஸ்டர் உள்ளே விடவில்லை. கையுறை போடுகிறோமே, பிறகென்ன?
– வாசகி, தேனி

பதில் (ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்): மருதாணி இருக்கட்டும் மகளே. தோலில் புண்ணோ தடிப்போ இல்லையென்றால் நான் தடுக்க மாட்டேன். ஒட்டு நகம் கூடவே கூடாது. அதன் அடி இடுக்கில் ஈரம் தங்கும், கிருமி குடியேறும்; சோப்பு அங்கே எட்டாது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 1997-98இல் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் சூடோமோனாஸ் கிருமி பரவியது. தொற்றிய குழந்தைகளில் 16 பேர் இறந்தனர். செவிலியரின் நீண்ட நகமும் ஒட்டு நகமும் அதற்குத் துணைபோயிருக்கலாம் என்றது ஆய்வு. இன்றும் எனக்கு மனம் ஆறாத செய்தி இது.

கையுறையை மட்டும் நம்பாதே. கூரான நகம் அதைக் கிழிக்கும். கழற்றும்போதும் கையில் கிருமி ஒட்டும். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார். விரல் நுனிக்கு மேல் நகம் எட்டிப்பார்த்தால் வெட்டிவிடு. அரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அதுவே அதிகம்.

மோதிரமும் கண்ணாடி வளையலும் வீட்டில் இருக்கட்டும். மல்லிகைச் சரமா? காயத்துக்குக் கட்டு மாற்றக் குனியும்போது ஒரு பூ உதிர்ந்து கிருமிநீக்கிய தட்டில் விழுந்தால், தட்டு முழுவதையும் மாற்ற வேண்டும். பூவை மண்டபத்தில் ஆசை தீரச் சூடிக்கொள். உன் வார்டு சிஸ்டர் செய்ததுதான் சரி.