நோன்பின் தலையில் போடாதே

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவில். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். போன ஐப்பசியில் முதல் தடவையாகக் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடித்தேன். முடிந்ததும் லிங்க்ட்இன்னில் 'ஆறு நாள் விரதம், ஆறு தொழில் பாடங்கள்' என்று ஒரு பதிவு போட்டேன். மனக்கட்டுப்பாடு, தொடர்முயற்சி, பசியை இலக்காக மாற்றுவது என்று எழுதி, உண்ணாமல் இருப்பதன் நன்மைக்கு 2016இல் நோபல் பரிசே கிடைத்தது என்றும் சேர்த்தேன். மேலாளர்கூடப் பகிர்ந்தார். ஆனால் ஊரிலிருந்து அக்கா கோல் எடுத்து, "இனி நீ விரதம் பிடிக்க வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டா. அவ பதினொரு வருடமாகப் பிடிக்கிறா. நான் செய்தது பிழையா? கிழக்கிலிருந்து போகிற எங்களைக் கொழும்பில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்களை நாங்களே ஒரு பிராண்ட் ஆக்காமல் எப்படி முன்னேறுவது?

க.

*

அன்புள்ள தம்பி,

போன கிழமை மகளின் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். நூல் முனையை நாக்கில் நனைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தையல் கடை கண்ணுக்குள் வந்தது. அன்று இரவுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன்.

முதலில் அந்த நோபல் கதையை எடுத்துவிடு. 2016இல் யொஷினோரி ஓசுமிக்குப் பரிசு கொடுத்தது, உயிரணு தன் பழுதான பாகங்களைத் தானே தின்று புதுப்பிக்கிற விதத்தைக் கண்டுபிடித்ததற்கு. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை, பாண் போடுகிற அந்த ஈஸ்ட்டைத்தான். அதற்கும் உன் சஷ்டிக்கும் என்ன சம்பந்தம்? கணக்காய்வு படித்தவன் நீ, ஆதாரம் பார்க்காமல் கையெழுத்து வைக்கலாமா? அந்த ஆறு பாடங்களைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கிரிக்கெட் விளையாடினாலும் அதே ஆறும் வரும், சைக்கிள் ஓடினாலும் வரும்.

சரி, கடைக்கு வருகிறேன். 1984, எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீடு பாண்டிருப்பில், கடை கல்முனை பஸாரில். அந்த வருடம் ரமழான் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது, கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிற நேரம். பெருநாள் உடுப்புத் தைக்கிற வேலை குவிந்து கிடந்ததால், பொத்தான் தைக்க ஒரு பையன் வேண்டும் என்று கடைக்கார முஸ்லிம் காக்கா (அண்ணன்) கேட்டு, அப்பா என்னை அனுப்பினார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. "காக்காட கடை" என்றால் தெரியும், அக்கரைப்பற்றிலிருந்தும் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள்.

முதல் நாள் நான் நூலை நாக்கில் வைத்து நனைத்து, முறுக்கி ஊசியில் கோர்த்தேன். காக்கா அப்படிச் செய்யவில்லை. முனையைச் சரிவாக வெட்டி, மேசை ஓரத்தில் இருந்த ஒரு மெழுகுதிரித் துண்டில் இரண்டு தரம் இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துக் கோர்த்தார். அந்தத் துண்டில் நூல் போன தடங்கள் சின்னச் சின்ன வாய்க்கால் மாதிரி விழுந்திருந்தன. ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். நோன்போடு நூலை வாயில் வைக்க அவருக்கு மனமில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

ஒரு நாள் பின்னேரம், எங்கள் பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்து, சொன்ன நாளுக்குச் சட்டை முடியவில்லை என்று சத்தம் போட்டார். காக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், உதடு வெடித்துப் போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "காக்கா நோன்பு, அதுதான் சுணங்கிப் போச்சு" என்றேன். காக்கா நாளைக்குத் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் என்னை ஏசியது அந்த ஒரு தடவைதான்.

"சுணக்கம் என்ட பிழை தம்பி. அத நோன்புட தலையில போடாத."

பிறகு குரலைத் தணித்து, நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி தருவேன் என்று இறைவன் சொன்னதாக அவர்கள் மார்க்கத்தில் இருப்பதைச் சொன்னார். மற்ற வணக்கங்களை ஆட்கள் பார்க்கலாம், பசித்திருப்பதை யார் பார்ப்பது? மறைவில் ஒரு மிடறு குடித்தாலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அது அவனுக்கு மட்டும் உரியது என்று அவர் விளக்கினார்.

பிழையையே அதன் தலையில் போடக்கூடாது என்றார் காக்கா. நீயோ உன் வளர்ச்சியை அதன் தலையில் போட்டிருக்கிறாய், தம்பி. இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் நோன்பு சாக்காகிறது, மற்றதில் முதலீடாகிறது. நீ எதற்காகப் பிடித்தாய் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். ஒரு நேரம் பாலும் பழமுமா, வெறும் தண்ணீரா? சூரன்போர் அன்று எங்கே நின்றாய்? பாறணைச் சோறு யார் போட்டார்கள்? ஒன்றும் இல்லை. எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது.

புளியந்தீவில் எனக்கு ஒரு கத்தோலிக்கச் சிநேகிதர் இருக்கிறார். தவக்காலம் வந்தால், நோன்பு இருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் பூசு, மனிதருக்குக் காட்டாதே என்று இயேசு சொன்னதைத்தான் முதலில் எடுப்பார். மண்டூர் முருகன் கோவிலுக்கு நீ போயிருப்பாய். குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய் நிற்கிறோம், கப்புகனார் என்கிற பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால், மந்திரம் இல்லாமல் பூசை செய்கிறார். நாங்கள் திரையைப் பார்த்து அரோகரா சொல்லிவிட்டு வருகிறோம். உன் அக்கா அந்த ஊர்களுக்கு நடுவில் வளர்ந்தவ. அவவுக்கு எங்கே சுட்டது என்று இப்போதாவது விளங்குகிறதா?

சுட்டது என்றதும்தான் ஞாபகம் வருகிறது. பிராண்ட் என்கிறாயே, ஆங்கிலத்தில் அந்தச் சொல் சுடுவதிலிருந்து வந்தது. எங்கள் பக்கம் பட்டி மாட்டுக்குக் குறி சுடுகிறோம் அல்லவா, அதேதான். ஆளே தன்னை ஒரு பிராண்டாக்க வேண்டும் என்பது 1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வணிக இதழில் எழுதிய பிறகு பரவிய பேச்சு. குறி சுடுவது மாடு யாருடையது என்று காட்டத்தான். உன் உடம்பில் அந்தக் கம்பியை வைக்குமுன், நீ யாருடைய பட்டியில் நிற்கப் போகிறாய் என்று ஒரு தரம் யோசித்துப் பார்.

நீ பட்ட அவமானத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. திருக்கோவில் எங்கே இருக்கிறது என்று நேர்முகத்தில் கேட்கிறவர்கள் முன்னால் எங்கள் பிள்ளைகள் நாக்கு உலர்ந்து நிற்பது எனக்குத் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். உன்னைப் பற்றி எழுது, தாராளமாக எழுது. களஞ்சியத்தில் இருப்பு எண்ணப் போய் நீ கண்டுபிடித்த பிசகு ஒன்று இருக்கும், ஒரு சின்ன வியாபாரிக்குக் கணக்கு நேராக்கிக் கொடுத்திருப்பாய், அதை எழுது. எந்த ஊர் என்பதையும் மறைக்காமல் போடு. அதெல்லாம் உன் உழைப்பு, அதற்குக் கூலி கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

1990க்குப் பிறகு தமிழ் ஊர்களுக்கும் முஸ்லிம் ஊர்களுக்கும் நடுவில் போக்குவரத்து நின்றது. திரும்பவும் பஸாருக்குப் போகத் தொடங்கியபோது அந்த இடத்தில் வேறு கடை இருந்தது. காக்காவை நான் பிறகு காணவில்லை.

பதிவை அழிப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதே. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போ. அக்காவிடம் மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம், பக்கத்தில் போய் இரு. பதினொரு வருடமாக அவ எதற்காகப் பிடிக்கிறா என்று உனக்குத் தெரியுமா? ஒரு தரம் கேட்டுப் பார். சொன்னால் கேட்டுக்கொள், எனக்கும் எழுத வேண்டாம். சொல்லாவிட்டால் விட்டுவிடு, அவ வைக்கிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வா.