சரிவில் விழுந்து கிடக்கும் பெரிய கருப்பந்தேயிலை (யூகலிப்டஸ்) மரத்தைச் சின்ன டிரக்டரால் விறகுக்கு எடுக்கலாமா?

கேள்வியில் உள்ளது இதுதான்: மழையில் வேரோடு சாய்ந்த கருப்பந்தேயிலை மரம், அடியில் இரண்டு அடிக் குறுக்களவு, தோட்டப் பாதைக்கு அறுபது அடி கீழே கிடக்கிறது. இருப்பது 25 குதிரைவலு டிரக்டர்.

எடுக்கலாம், கட்டையை டிரக்டரின் அளவுக்குக் குறைத்துக்கொண்டால். பச்சைக் கருப்பந்தேயிலையை ஏறக்குறைய தண்ணீரின் எடைக்குக் கணக்குப் போடுங்கள். இரண்டு அடிக் குறுக்களவில் ஒரு அடி நீளம் 90 கிலோ, மூன்று அடிக் குறுக்களவில் 200 கிலோ. பத்தடிக் கட்டை 900 கிலோ, அதாவது டிரக்டரின் எடைக்குக் கிட்ட. 30 பாகைச் சரிவில் மண்மேல் மேலே இழுக்கக் கட்டையின் முழு எடைக்குச் சமமான இழுவை வேண்டும். டிரக்டர் டயரோ காய்ந்த பாதையில் தன் எடையில் பாதியைத்தான் பிடித்து இழுக்கும். ஆகவே ஒரு தடவைக்கு ஐந்தடி, 450 கிலோ. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

வெட்டும்போது எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். வேர்த்தட்டோடு, அதாவது வேரும் அதில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து பெயர்ந்து, சாய்ந்த மரத்தில் பெரிய ஆபத்து அடிக்கட்டைதான். தண்டை அறுத்துவிட்டதும் வேர்த்தட்டு சடாரென்று நிமிர்ந்து பழைய குழிக்கே திரும்பலாம், அல்லது கீழே உருளலாம். அந்தக் குழிக்குள்ளோ வேர்த்தட்டின் கீழ்ப்பக்கத்திலோ ஆள் நிற்கக்கூடாது. நடுவில் தொங்கும் தண்டுக்கு மேல்பக்கம் அமுங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். அமுங்கிய பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, ஆப்பு வைத்து, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடியுங்கள். மாற்றி அறுத்தால் வாள் இறுகும், தண்டும் நீளவாக்கில் பிளந்து அடிக்கும். மண்சரிவில் வந்த மரத்தின் பட்டையில் சிறு கற்கள் பதிந்திருக்கும். அறுக்கும் கோட்டில் மட்டும் கோடரியால் பட்டையைச் சீவிவிட்டால் செயின் பல் தப்பும்.

டிரக்டர் சரிவில் இறங்கவே வேண்டாம். பாதையோரத்தில் உறுதியான மரத்தின் அடியில் கப்பி கட்டி, கம்பிக்கயிற்றை அதில் திருப்பி, டிரக்டரைப் பாதை வழியே நேராக ஓட்டுங்கள். 10 மில்லிமீற்றர் கம்பிக்கயிறு போதும். நைலோன் கயிறு வேண்டாம், அறுந்தால் இழுபட்ட நீளமெல்லாம் திரும்பி அடிக்கும். கயிறு செங்கோணமாகத் திரும்பும்போது கப்பி கட்டிய மரத்தில் இழுவையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம் விழும், அதனால் உளுத்த குற்றியில் கட்டாதீர்கள். கயிறு வளையும் உட்பக்கத்தில் யாரும் நிற்கவும் கூடாது. கப்பி கழன்றால் கயிறு அந்தப் பக்கம்தான் பாயும். ஐந்தடியும் அசையவில்லையென்றால் கட்டையிலேயே இன்னொரு கப்பியை மாட்டி, கயிற்று நுனியை மேலே கட்டுங்கள். இழுவை பாதியாகும், கயிறு இரட்டிப்பாக வேண்டும்.

சங்கிலிச் சுருக்கைக் கட்டையின் நுனியிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். முன்நுனியின் விளிம்பைச் சுற்றிச் சீவினால் அது மண்ணைக் குத்தாது, கானில் (வடிகாலில்) மாட்டாது. டிரக்டர் பக்கம் கொக்கி கீழ் இழுவைத் தண்டில்தான் மாட்டப்பட வேண்டும். மேல் இணைப்புத் தண்டிலோ பின் அச்சுக்கு மேலேயோ மாட்டி இழுத்தால், கட்டை குற்றியில் சிக்கும் அந்த நொடியில் முன்சக்கரம் எழும்பி டிரக்டர் ஓட்டுபவர்மேல் பின்னால் கவிழும். கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது.

லேண்ட் மாஸ்டரால் (கைப்பிடி பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர டிரக்டரால்) கட்டை இழுப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரத்தோடு இறக்கத்தில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரம் கட்டில்லாமல் ஓடி வண்டி வலப்பக்கம் திரும்பும், மேட்டில் பழகிய கைக்கு நேர் எதிராக. மட்டமான பாதையில், துண்டு போட்ட விறகை ட்ரெயிலரில் ஏற்ற மட்டும் அது நல்லது.

பாதைக்கு வந்ததும் அன்றே ஒன்றரை அடித் துண்டாக்கி, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். கருப்பந்தேயிலை காய்ந்தால் நார் பின்னி, ஆப்பையே கவ்விக்கொள்ளும். நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து பலகை பலகையாகக் கழற்றுங்கள். சம்மட்டிக்கும் மசியாததைப் படுக்க வைத்து, செயின் வாளை நாரோடு ஒட்டி நீளவாக்கில் அறுங்கள். தூளுக்குப் பதில் நீளச் சுருள் வரும், வேகமாக இறங்கும். சுருள் கிளச் மூடிக்குள் அடைக்கும், நிறுத்தி நிறுத்தி எடுத்துவிட வேண்டும். சவுக்கு இவ்வளவு பாடு படுத்தாது.

வேர்த்தட்டை விறகுக்கு என்று பிடுங்காதீர்கள். சரிந்த இடத்தில் மிச்ச மண்ணைப் பிடித்திருப்பது அதுவாக இருக்கலாம்.

தோட்டக் காணி மரமென்றால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிரதான வீதியால் கொண்டுபோவதானால் வன இலாகாக் கந்தோரில் முதலே கேளுங்கள்.

அடுக்குவதற்குக் கீழே இரண்டு கம்பு, மேலே தகரம், நாலு பக்கமும் திறப்பு. ஹட்டன், நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம். டிசம்பரில் அடுக்கினால் மார்ச்சுக்குள் ஓரளவு ஈரம் போகும். பண்டாரவளை, பதுளை பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர்தான் காயும் காலம். படங்கால் (தார்ப்பாயால்) முழுக்க மூடினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும்.