நகையை வைத்துக் காலணா வாங்கலாமா?

கேள்வி: மனைவியின் ஐந்து பவுனை அடகு வைத்து 1,20,000 ரூபாய் எடுத்து, மச்சான் பேச்சைக் கேட்டு 2,400 பழைய செப்புக் காலணாக்கள் வாங்கினேன். சிலவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிறேன். இப்போது 1818-ஆம் வருட ராமர் காசு ஒன்று வந்திருக்கிறது, பல லட்சத்துக்குப் போகும், இன்னும் நாற்பதாயிரம் புரட்டு என்கிறார் மச்சான். புரட்டலாமா?

பதில்: வேண்டாம். ராமர் பட்டாபிஷேகமும் 1818-ம் போட்டு விற்பவை கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த காசே அல்ல. பின்னால் யாரோ செய்த வில்லைகள். பழைய காசு விற்றுத் தருகிறோம், கமிஷன் கட்டு என்று தன் பெயரில் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.

உங்களிடம் இருப்பவை அசல்தான் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்கு 64 காலணா. சந்தையில் சில்லறையாகப் புழங்க, 1835 காசையே கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். வயதானதெல்லாம் அரிதாகிவிடாது, ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசுகூட இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது.

காசு ஒன்று 50 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். 12 சதவீதம் என்றால் மாதம் 1,200 வட்டி, இரண்டு வருடத்தில் 28,800. ஆக ஒரு காசின் அடக்கம் 62 ரூபாய். வியாபாரி பாதி விலைக்கு எடுத்தாலே பெரிது. எடை ஆறரை கிராம் வீதம் மொத்தம் பதினைந்தரை கிலோ. செம்பு கிலோ ஆயிரம் என்றாலும் பதினையாயிரம் சொச்சம்தான்.

காசு சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நகையைத் திருப்பித் திருப்பி வைக்கிறீர்களே, அதுதான் உங்களைத் தின்கிறது. 1835 கம்பெனிக் காசு, 1862 முதல் வந்த விக்டோரியா ராணி காசு, 1877 முதல் அவரையே பேரரசி என்று போட்டு வந்த காசு என்று வகைக்கு ஒன்றிரண்டாக ஐம்பது எடுத்து வையுங்கள். மிச்சத்தை இரண்டு மூன்று வியாபாரிகளிடம் காட்டி விற்று விடுங்கள். நாற்பதாயிரம் தேறினால் அசலில் கட்டுங்கள். மீதி எண்பதாயிரத்துக்கு மாதம் 4,000 கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

புளியைக் கையால் தொடாதீர்கள். பழுப்பேறிய காசைத்தான் சேகரிப்பவர் கேட்பார்; தேய்த்ததைக் கண்டதும் தள்ளி வைத்துவிடுவார். மச்சானுக்கு ராமர் காசில் அவ்வளவு நம்பிக்கை என்றால், தன் மோதிரத்தை வைத்து வாங்கட்டும்.